அப்படி ஒரு பயனர் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன்? நோட்டு ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மணி பன்னிரண்டே கால். மகள் பட்டாணி தூங்கினால்தான் எனக்குக் கை காலியாகிறது.

இன்று பதினாலு தடவை லாகின் செய்து பார்த்தேன். பதினாலு தடவையும் அதே சிவப்பு வரி: பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு. எப்படித் தவறாகும்? அவள் பிறந்த நேரமும் அன்றைக்கு இருந்த எடையும்தான் கடவுச்சொல். என் பெயர் மறந்தாலும் அது மறக்காது.

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் ஏதாவது பிடிபடலாம்.

படங்கள் சேரும் அந்தச் செயலி வெளியே எங்கோ இல்லை, எங்கள் வீட்டில்தான் ஓடுகிறது. செருப்பு அலமாரிக்கு மேல் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் அவர் அமைத்துக் கொடுத்தது. "நம்ம புள்ள படம் எவனோ ஒருத்தன் மெஷின்ல எதுக்குக் கிடக்கணும்?" என்றார். போனில் எடுப்பதெல்லாம் தானாக அதில் போய்ச் சேரும். என் போன் பழசு, இடம் போதாது. 'சேர்ந்தவற்றைப் போனிலிருந்து நீக்கவா?' என்று கேட்கும். நீக்கு, நீக்கு என்று அழுத்திக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஆக, அந்தப் பதினோரு வீடியோவும் இப்போது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

பட்டாணிக்கு இருபது மாதம். டிசம்பரிலிருந்து இப்படி. விளையாடிக்கொண்டிருப்பாள், சட்டென்று நின்றுவிடுவாள். கண் இரண்டும் இடப்பக்கமாக மேலே ஏறும். கையில் இருப்பது கீழே விழும். பத்து விநாடி, மிஞ்சினால் பன்னிரண்டு. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். தலையில் வயர் ஒட்டி அரைமணி நேரம் பதிவு எடுத்தார்கள். அந்த அரைமணியும் சமர்த்தாக இருந்தாள். ஒன்றுமில்லை என்று வந்தது.

நரம்பு மருத்துவர் சொன்னார்: "நீங்க சொல்றதை மட்டும் வச்சு நான் மருந்து எழுத முடியாதும்மா. வர்றப்ப வீடியோ எடுங்க. எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்." மாதத்தில் ஒரு வியாழக்கிழமைதான் அவர் எங்கள் பக்கத்து மருத்துவமனைக்கு வருவார். இந்த மாதம் 19.

பத்து விநாடிக்குள் போனைத் தேடி, திறந்து, பிடித்து... பதினொன்று சேர இரண்டரை மாதம் ஆனது.

மார்ச் 4, புதன்

ஞாயிறன்று மின்சாரம் போய் வந்தது. அதற்கப்புறம் செயலி எழுந்திருக்கவே இல்லை. அவர் அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டின்படி திங்கள் காலை எல்லாம் செய்தேன். லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குள் போ. ஃபோல்டரைத் திற. இந்த வரியை அடி. அரை நிமிஷம் பொறு. பொறுத்தேன். பக்கம் வந்தது. என்னை மட்டும் உள்ளே விடவில்லை.

'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்றது. மறக்கவில்லை, ஆனாலும் அழுத்தினேன். மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன் என்றது. மூன்று நாளாகியும் எதுவும் வரவில்லை.

அவருக்கு எழுதினேன். மேடையில் போன் எடுக்காது. நாளுக்கு ஒரு தரம் மின்னஞ்சல் பார்ப்பார். பார்த்தால்.

மார்ச் 5, வியாழன்

இன்னும் ஆறு தடவை. இப்போது பூட்டிக்கொண்டது: 'பதினைந்து நிமிடம் கழித்து முயலவும்.' பதினைந்து நிமிடம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முயன்றேன். பூட்டிக்கொண்டது.

மார்ச் 7, சனி

இன்று ஒன்று வந்தது. மாடிப்படியில்.

இடுப்பில் அவள், மறு கையில் துணி வாளி. அவள் கையிலிருந்த மூடி நழுவிப் படியில் உருண்டபோதே தெரிந்துவிட்டது. "அண்ணி! அண்ணி, வாங்க, பாருங்க!" கத்தினேன். அண்ணி கீழ்வீட்டில் இருக்கிறார், அவருடைய அக்கா. நான் கல்லூரி நூலகத்துக்கு வேலைக்குப் போகும் அரைநாள் பட்டாணியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் முடிந்துவிட்டது. பட்டாணி அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"என்னத்தைப் பாக்கணும்?"

"இப்பத்தான் அண்ணி. கண்ணு மேல போச்சு."

"பராக்குப் பாக்குது. நாள் முழுக்க அது மூஞ்சியையே நீ உத்துப் பாத்துட்டிருந்தா, அதுவும் பாவம், எங்கதான் பாக்கும்? தம்பி சொன்னது சரிதான் போல."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்ல, விடு. வாளியைக் குடு."

என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். கிளம்பும் அன்று, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ பயந்து பயந்தே அவளை நோயாளி ஆக்கிடப் போற."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன்? நினைவில்லை. ஜிப் சிக்கிக்கொண்டதை நான்தான் எடுத்துவிட்டேன், அது நினைவிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

கல்லூரியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் வயர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் எப்போதும் ஒரு வயர். வேறு வழியில்லாமல் அவரிடம் சொன்னேன். வீடியோவில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை, குழந்தையின் படங்கள் என்று மட்டும்.

"அந்த 'மறந்துவிட்டதா'வை நம்பாதீங்க. மெயில் அனுப்ப வழியே செஞ்சிருக்க மாட்டாரு உங்க வீட்டுக்காரர். அது சும்மா மரியாதைக்கு அனுப்பிட்டேன்னு சொல்லும். எதையாவது மாத்தினீங்களா?"

"சத்தியமா இல்லண்ணே."

"சரி. அது நாள் முழுக்க உள்ளுக்குள்ளயே புலம்பிட்டிருக்கும், லாக்னு பேரு. அதை எடுத்துப் படிங்க. எடுக்கற வரியை எழுதித் தர்றேன்."

மாலை நாலு மணிக்குப் பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு அடித்தேன். வரி வரியாகக் கொட்டியது. போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில், "இருங்க, இருங்க, அதை மறுபடி படிங்க" என்றார்.

"அப்படி ஒரு பயனர் இல்லை."

"அட. பாஸ்வேர்டு தப்பில்லம்மா. ஆளே இல்லங்குது."

"அப்ப ஏன் வெளியில பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது?"

"வாசல்ல நிக்கறவன்கிட்ட எல்லாம் உள்ள யார் இருக்கா, யார் இல்லன்னு சொல்லுமா? ரெண்டையும் கலந்துதான் சொல்லும். திருட்டுப் பயலுக்கு விவரம் தெரியக் கூடாதுல்ல."

அப்படி ஒரு பயனர் இல்லை. அப்படி ஒருத்தி இல்லை. வேடிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். போனை வைத்துவிட்டுப் பட்டாணிக்கு நகம் வெட்டினேன்.

மார்ச் 10, செவ்வாய்

அவரிடமிருந்து பதில். முழுவதையும் இங்கே எழுதிவிடலாம், அவ்வளவுதான் இருக்கிறது.

"எதையும் தொடாதே. 29ஆம் தேதி வந்து பாக்கறேன். டாக்டர் அடுத்த மாசமும் வருவாங்கல்ல. குழந்தை நல்லாத்தான் இருக்கா. நீ நல்லாத் தூங்கு."

தூங்கு.

மார்ச் 11, புதன்

உள்ளே இருக்கும் பயனர்களின் பட்டியலைக் கேட்கும் வரியை வயர் அண்ணன் அனுப்பினார். ஒரே ஒரு பெயர்: நிர்வாகி. அதுவும் தானாக உண்டானது. உண்டான தேதி: மார்ச் 2.

மார்ச் 2 என்றால் நான் சீட்டைப் பார்த்து அந்த வரியை அடித்த திங்கட்கிழமை.

வயர் அண்ணன் சொன்ன கடவுச்சொல்லை வைத்து அந்த நிர்வாகியின் பெயரில் உள்ளே போனேன். போக முடிந்தது! போனால், வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு சின்ன மேகத்தின் படம். 'உங்கள் முதல் படத்தைச் சேருங்கள்.'

வீட்டுச் சாவியைத் தேடித் தேடி, கடைசியில் திறந்தால் வீடு காலி.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மார்ச் 12, வியாழன்

மதியம் பட்டாணி தூங்கும்போது இணையத்தில் தேடினேன். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் சேமிப்பையெல்லாம் ஒரே வரியில் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், லாகின் பிரச்சினை போய்விடும். கீழே நாற்பது பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

அந்த வரியை அடித்தேன். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். என்டர் அழுத்தவேண்டியதுதான் பாக்கி. உள்ளேயிருந்து "ம்மா, ஈரம்" என்று குரல். போய்த் துடைத்து, உடை மாற்றி, விரிப்பை அலசிப் போட்டுவிட்டு வந்தால் லேப்டாப் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. மறுபடி தொடங்கத் தெம்பில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை. துணி மடித்தேன்.

ஒரு கேள்வி மட்டும். பதினொன்று என்று சொல்கிறேனே, பதினொன்றையும் நான் பார்த்தேனா? எடுத்தேன், சரி. எடுத்ததை ஒருமுறையாவது ஓடவிட்டுப் பார்த்தேனா? இரண்டோ மூன்றோ பார்த்திருப்பேன். மீதியில் என்ன இருக்கும்? குழந்தை ஒன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதானோ? எல்லோரும் சொல்வதுபோல — நான்தானா?

நானேதான் என்றால் நல்லதுதானே. ஏன் அப்படி நினைக்கப் பிடிக்கவில்லை?

மார்ச் 16, திங்கள்

வரிசையாக எழுதவேண்டும்.

காலையில் பெட்டியையே கழற்றினேன். பட்டாணியின் துண்டில் சுற்றி, அவள் மாற்றுத்துணிப் பையில் வைத்து, கல்லூரிக்கு எடுத்துப் போனேன். நூலகத்தின் பின்னறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில், வயர் அண்ணன் அதை ஒரு திரையில் மாட்டினார். துண்டைப் பார்த்துவிட்டு, "குளிப்பாட்டியா கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். சிரிக்கவேண்டும் என்று தெரிந்தது. சிரித்தேன்.

இணையத்தில் படித்த அந்த வரியைப் பற்றி முதலில் கேட்டேன். எழுதிக்கொண்டு போயிருந்த தாளைக் காட்டினேன்.

வாங்கி இரண்டு தரம் படித்தார். "இதை அடிச்சீங்களா?"

"அடிச்சேன். என்டர் தட்டல."

"தட்டியிருந்தா இப்ப உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு உக்காந்திருப்பேன். வேற ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." தாளை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஏதோ அடித்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "காலி வீடுன்னீங்க. டிஸ்க்கு முக்கால்வாசி நிறைஞ்சிருக்கே. காலி வீட்டுல இவ்வளவு சாமான் யாருது?"

திரையை எட்டிப் பார்த்தேன்.

இன்னொரு வரி. திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று பட்டாணி என்று தொடங்கியது. இன்னொன்று குப்பை2 என்று தொடங்கியது.

"யாரும்மா இந்த ஃபோல்டர் பேரை மாத்தினது?"

நான்தான். வேறு யார்? அவர் முதலில் சும்மா ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குக் குப்பை2 என்று பெயர் வைத்திருந்தார். ஓடியதும் அப்படியே விட்டுவிட்டார். பிப்ரவரியில் ஒருநாள் அதைப் பார்த்தேன். என் குழந்தையின் முகம், பல், முதல் நடை எல்லாம் குப்பை2-க்குள். பொறுக்கவில்லை. பட்டாணி என்று மாற்றினேன். பிறகும் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. அதை ஒரு மாற்றமாகவே நான் நினைக்கவில்லை. கட்டிலில் கசங்கின விரிப்பை இழுத்துவிடுவது மாதிரிதான் அது.

சொன்னேன். வயர் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"செயலின்னா அது வெறும் டப்பாம்மா. கன்டெய்னர்ம்பாங்க. பழசைத் தூக்கிப் போட்டுட்டு எப்ப வேணாலும் புதுசு எடுத்துக்கலாம். அதனால சாமானை டப்பாவுல வைக்க மாட்டாங்க, தனியா ஒரு அலமாரி. அந்த அலமாரி மேல ஃபோல்டர் பேரைத்தான் எழுதி ஒட்டும் இது. ஓடிட்டிருந்த டப்பா பழைய அலமாரியைப் பிடிச்சுட்டே இருந்துச்சு. கரண்ட் போச்சு, விழுந்துச்சு. நீங்க வரியை அடிச்சதும் புது டப்பா எழுந்து, பட்டாணின்னு எழுதின அலமாரி எங்கன்னு தேடியிருக்கு. இல்ல. சரி, புதுக் குடித்தனம் போலன்னு ஒண்ணைச் செஞ்சுக்கிச்சு. பழசு அங்கேயேதான் கிடக்கு, பூட்டு போட்ட மாதிரி. நீங்க அன்னிக்கு என்டர் தட்டியிருந்தா அதுதான் போயிருக்கும்."

"அப்ப... இருக்கா?"

"இருங்க. மொதல்ல உள்ள இருக்கற எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்துக்கறேன். அப்புறம்தான் கை வைக்கணும்."

காப்பி எடுக்க நாற்பது நிமிடம். அதுவரை திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு கூப்பிட்டார். ஃபோல்டரின் பெயரைப் பழையபடி குப்பை2 என்று மாற்றினார், சீட்டில் இருந்த அதே வரியை அடித்தார், எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் கடவுச்சொல் அடிப்பதைப் பார்க்காமல் இருக்க.

முதல் தடவையே திறந்தது.

"எல்லாம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"அப்ப ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு?"

அப்போதுதான் என்ன வீடியோ என்று சொன்னேன். அவர் வீடியோக்களை ஒரு பென்டிரைவில் ஏற்றினார். அதை ஒரு உறையில் போட்டு, மேலே தேதி எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 17, செவ்வாய்

பதினொன்று. எண்ணிவிட்டேன். எல்லாவற்றையும் பார்த்தேன், சத்தத்தை அணைத்துவிட்டு. எழுதிவைக்கிறேன்: ஒன்பதில் தெளிவாகத் தெரிகிறது. ஒன்றில் என் விரல் மறைக்கிறது. ஒன்று முடிந்தபின் எடுத்தது.

ஜன்னலைப் பார்ப்பதில்லை அது. எதையும் பார்ப்பதில்லை.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். அண்ணி. அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், அதை இடுப்பில் வைத்தபடியே நின்றிருந்தார்.

"இன்னொரு தரம் போடு."

போட்டேன். நாலாவது வீடியோ, கையிலிருந்த பொம்மையைக் கீழே விடுவது. முடிந்ததும் அண்டாவை மெதுவாகத் தரையில் வைத்தார். "வியாழக்கிழமை நானும் வர்றேன்" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

மார்ச் 19, வியாழன்

மருத்துவர் முதல் வீடியோவைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் பேனாவை மூடிவைத்துவிட்டுத் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒன்பதையும் பார்த்தார்.

"இது வலிப்புதாம்மா. வெட்டி வெட்டி இழுத்தாத்தான் வலிப்புன்னு இல்ல, இப்படியும் வரும். நல்ல வேளை எடுத்தீங்க."

நான் சொன்னது உண்மை. நான் பைத்தியமில்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்காக மூன்று மாதமாகக் காத்திருந்தேன். அவை வந்தபோது, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனி நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன். தேதி தேதியாக.

"குடும்பத்துல யாருக்காவது இருக்கா? அம்மா பக்கம்?"

"இல்ல டாக்டர்."

"அப்பா பக்கம்?"

"இல்—"

"தம்பிக்கு இருந்துச்சு" என்றார் அண்ணி.

பட்டாணி அவர் மடியில் இருந்தாள். அவளுடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டபடியே, மருத்துவரைப் பார்த்து, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அச்சு அசல் இதே மாதிரி. கண்ணு மேல போகும், கையில இருக்கறதை விட்டுடுவான். ஒம்பது வயசு வரைக்கும் மாத்திரை சாப்பிட்டான். மொதல்ல குடுத்த ஒண்ணு ஒத்துக்காம உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வெந்து, பெரிய ஆஸ்பத்திரியில போட்டோம். அது என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியாது. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த மாத்திரை பேர் எனக்கு வேணும். இதுக்கு மொதல்ல குடுக்கறதுல சிலது அப்படித் தடிக்க வைக்கும். அப்பாவுக்கு ஒத்துக்காதது பொண்ணுக்கும் ஒத்துக்காமப் போகலாம். கேட்டு எனக்குப் போன்ல சொல்லுங்க. திங்கட்கிழமை வரைக்கும் பாக்கறேன். பேர் தெரிஞ்சாலும் தெரியாட்டியும் அன்னிக்கு ஆரம்பிச்சிடுவோம்."

ஆட்டோவில் அண்ணி என் கையைப் பிடித்தார். "அவனுக்கே ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சேன்மா" என்றார். நான் கையை எடுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

அவருக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். மூன்று தடவை நீளமாக எழுதி அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது.

"வீடியோக்கள் கிடைத்துவிட்டன. தவறு என்னுடையதுதான், ஃபோல்டர் பெயரை மாற்றியிருந்தேன். சரிசெய்தாயிற்று. மருத்துவர் பார்த்தார். வலிப்பு என்றார். அண்ணி கூட வந்திருந்தார், உங்களைப் பற்றிச் சொன்னார். அதைப் பற்றி நான் இப்போது எதுவும் கேட்கவில்லை, நீங்கள் வந்தபின் பேசலாம். எனக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். சின்ன வயதில் உங்களுக்கு முதலில் கொடுத்து ஒத்துக்கொள்ளாமல் போன மாத்திரையின் பெயர். நினைவில்லை என்றால் பழைய மருத்துவச் சீட்டு எங்கே இருக்கும் என்று எழுதுங்கள், நான் தேடி எடுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை மருந்து தொடங்குகிறார்கள். பட்டாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்."